கம்பளியில் உதிர்ந்த அரிசி

போன வாரம் மகளின் பூனையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போயிருந்தேன். "வாலுக்குக் கீழ அரிசி மாதிரி ஏதாச்சும் ஒட்டியிருக்குதுங்களா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். பூனைக்குப் புழு வந்ததற்கு இப்படிக் கூசிப்போகும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பூனையைச் சுற்றியிருந்த துண்டின் ஈர வாடை என்னைக் குன்னூருக்குக் கீழே, எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்கே கொண்டுபோய்விட்டது. மழைக்காலத்தில் அங்கே கம்பளியும் பூனையும் ஒரே மாதிரி நாறும். அப்போது தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியிருந்தார்கள். அப்பாவுக்கு வேலையில்லை. நான் ஜவுளிக்கடையில் துணி மடித்துச் சம்பாதித்ததில்தான் அடுப்பு எரிந்தது. ரேஷன் அரிசியை அம்மா அளந்து அளந்துதான் உலையில் போடுவாள். எங்கள் வீட்டில் இருந்த பூனைக்கென்று எதுவும் கிடையாது. எலியைத் தின்றுவிட்டு வந்து அப்பாவின் கம்பளிக்குள் சுருண்டுகொள்ளும்.

ஒரு காலையில் அந்தக் கம்பளியை உதறிய அம்மா, உதிர்ந்ததைப் பொறுக்கிப் பார்த்தாள். ரேஷன் நொய் மாதிரியே இருந்தது.

"ஏனுங்க, புள்ள சம்பாதிக்கற அரிசியத் திருடித் திங்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

லைன் வீட்டில் சுவர் பேருக்குத்தான். எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"நான் தொடல புள்ள" என்றார் அப்பா அம்மாவிடம். பொறுக்கியதை எறிய மனம் வராமல் அம்மா முறத்து அரிசியோடு சேர்த்தாள். அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

மறுநாள் பூனையின் வாலடியில் ஓர் அரிசி நீண்டு சுருங்கியது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

அப்பா பூனையைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு நடந்தே போனார். அது நாடாப்புழுவாம். தெள்ளுப்பூச்சியாலும் எலியாலும் வருமாம். மாத்திரை மட்டும் போதாது, கம்பளியையும் வெந்நீரில் அலசி, தெள்ளையும் ஒழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் வரும் என்றாராம் டாக்டர். அப்பா எல்லாவற்றையும் செய்தார். பிறகு காய்ந்த புழுத் துண்டுகளை ஒரு தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"டாக்டரே சொன்னாருங்க. புழுதானுங்க, அரிசி இல்லீங்க. நீங்களே பாருங்க."

அவர்கள் முகத்தைச் சுளித்துத் தலையாட்டினார்கள். இந்த மனிதர் இதோடு விடமாட்டாரா என்று நான் கதவுக்குப் பின்னால் குறுகி நின்றேன்.

அப்பா இறந்தபோது, பழைய பக்கத்து வீட்டு அக்கா திருப்பூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கப்பா பாவம் கண்ணு. பசி தாங்காம வெறும் அரிசியத் தின்ன மனுசன்."

அதில் கேலியே இல்லை. இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் ஆட்கள். பூனைப் புழுவைப் பற்றி அங்கே எப்படிப் பேசுவது?

லைனை இப்போது இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் பனியன் கம்பெனிகளைத் தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்கள் வாசலில் போய் நின்று அது புழுதான் என்று சொல்ல அப்பாவும் இல்லை.