கண்ணாடித் துண்டுக்கு வைத்த பொட்டு

"எந்த எஸ்டேட்டு?" கடல் தாண்டி நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த நாட்டில் தமிழர்கள் பெயருக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் பிழைத்த ரப்பர் தோட்டங்கள் வீட்டு மனைகளாகிப் பல காலமாகியும் கேள்வி மாறவில்லை. என் ஊர் சிவகாசி என்று சொன்னால், அது எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று யோசிக்கிறார்கள். செனாவாங் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்யும் டெக்னீஷியன் செல்வம் அண்ணனும் முதல் நாள் இதையே கேட்டார். அவருடைய பெற்றோர் பெடாஸ் பக்கம் ரப்பர் மரம் சீவியவர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்து வேலை விநோதமானது. ஒளியில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தே ஓடுகின்றன. ஆனால் பொருள்கள் பெரும்பாலும் மின்புலத்துக்கே அசைந்து கொடுக்கும். காந்தப்புலத்தை ஏறெடுத்தும் பார்க்காது. ஒதுக்கப்பட்ட அந்தப் பாதியை, நாம் சொல்கிற இடத்தில் வலுவாக்க முடியுமா? விரல் நகமளவு கண்ணாடியில், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தி, மேலே யூரோப்பியம் என்ற ஒளிரும் தனிமம் கலந்த மெல்லிய பூச்சுக் கொடுத்தோம். காந்தப்புலம் வலுத்தால், பூச்சு உமிழும் சிவப்பொளியில் ஒரு நிறம் மட்டும் தூக்கலாகத் தெரியும். தெரிந்தால் என் வேலை பெர்மிட் நீளும். இல்லையென்றால் மாதக் கடைசியில் விமானம்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. சிவகாசியில் அப்பாவின் அச்சகத்தில் அன்று பொட்டில்லாத பொருளே இருக்காது. மை கிண்டும் கரண்டிக்கும் உண்டு. அந்த ஏக்கத்தில், இங்கும் பொட்டு வைக்கலாமே என்றேன். எல்லாவற்றுக்குமா என்று கேட்டார் அண்ணன். எல்லாவற்றுக்கும்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் கண்ணாடித் துண்டை வைத்திருந்த பெட்டியைத் திறந்தால், அதன் ஒரு பாதியில் சந்தனமும் குங்குமமும். துடைத்தால் பூச்சும் கூடவே போய்விடும். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"மெஷினுக்கு வச்சிட்டு இத வுட்டா எப்படி லா தங்கச்சி? இதுதான நம்ம மெயின் ஜாமான்."

அப்பாவும் இதைத்தான் செய்திருப்பார். என் கோபம் அங்கேயே வடிந்தது.

மிச்சப் பாதியில் லேசரைக் குவித்தோம். ஆன்டெனா இல்லாத ஓரத்தில் வழக்கமான சிவப்பு. ஆன்டெனாக்கள் மேல் நகர்த்தியதும், திரையில் காந்தத்துக்குரிய கோடு மட்டும் எழும்பியது. நம்பாமல் மூன்று தரம் பார்த்தோம். பொட்டு காப்பாற்றியது என்றார் அண்ணன். பாதியைக் கெடுத்ததும் அதுதான் என்றேன்.

பெர்மிட் வந்ததைச் சொன்னபோது அப்பா சந்தோஷப்பட்டார். சற்றுப் பொறுத்து, "அப்ப தீவாளிக்கு வரமாட்டியா?" என்றார். அனுப்பிவிடுவார்களோ என்று பயந்த அதே மாதத்தில், அனுப்பினால்தான் என்ன என்று ஆசைப்பட்டும் இருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு அண்ணன் பெடாஸ் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் மனைவி எந்த எஸ்டேட்டு என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், "நம்ம செனாவாங்தான்" என்று அண்ணன் முந்திக்கொண்டார். நான் மறுக்கவில்லை. கைப்பையில் அந்தக் கண்ணாடித் துண்டு இருந்தது, பொட்டு அழியாமல்.