நம்ம வீட்டு வண்டிதானே

எங்கள் கொட்டகையில் இரண்டு தொழில் நடக்கிறது. முன்பாதியில் நான் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். பின்பாதியில் கதவுக்காரர். கதவு, கண்ணாடி, பூட்டு, கதவோரத்து ரப்பர், இவற்றைத் தவிர காரில் வேறெதையும் தொடமாட்டார். யாராவது இன்ஜினைப் பற்றிக் கேட்டால், "அது வேற டிபார்ட்மென்ட்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். சண்டை போடுவதெல்லாம் கூடப் பிறந்த மாதிரியேதான்.

மற்றவர்களுக்கு அவர் பேப்பர்காரர். கதவு வழியாக வண்டிக்குள் தண்ணீர் வருகிறது என்று யாராவது வந்தால், வேலை முடிந்ததும் காரின் தரையில் பழைய பேப்பரை விரிப்பார். தானே உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். நான் வெளியே நின்று ஹோஸ் பைப்பால் கதவின் மேல் தண்ணீர் அடிக்க வேண்டும். "மழை போதாது, இன்னும் பெய்யட்டும்!" என்று உள்ளேயிருந்து அதிகாரம் பண்ணுவார். பிறகு இறங்கி, விரித்த பேப்பரை எடுத்து வண்டிக்காரர் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்க" என்பார். பேப்பர் மொறமொறவென்று இருக்கும். அப்போது அவர் முகத்தில் வழியும் பெருமை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுக்க நனைந்து நிற்பது நான், பெயர் வாங்குவது அவர்.

இப்போதும் பேப்பர் விரிக்கிறார். ஆனால் காய்ந்த பேப்பரை யாரிடமும் நீட்டுவதில்லை. தானே தடவிப் பார்த்துவிட்டு, கசக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அண்ணனுடைய அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இருப்பது அண்ணனுடைய தங்கை வீட்டில். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பூங்காவில் இறக்கிவிடுவாள். அங்கே ஓய்வுபெற்ற டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து, இன்றைக்கு வண்டி ஓட்டுகிற எவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கலைவார்கள். பெரியவருக்கு அந்த வாரம் முழுவதற்கும் அதுதான் தெம்பு.

காரில் அவருடைய இடம் பின்சீட்டில் இடது பக்கம். கண்ணாடி முழுசாக இறங்கியிருக்க வேண்டும். "முகத்துல காத்து அடிக்கலன்னா வண்டி ஓடுற மாதிரியே இல்லம்மா" என்பார். அந்தக் கண்ணாடி ஒருநாள் பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அண்ணன் ஒரு விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்கே போய்ச் சரிசெய்து கொடுத்தார்.

இங்கே கதவின் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் கார் கதவின் வயிற்றுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்குகிற சந்து வழியாக இறங்கி, அடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அந்த வயிற்றுக்கும், வண்டிக்குள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும். தாளின் கீழ் விளிம்பைக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். அது வெளியே தொங்கினால், தண்ணீர் தாள் மேலேயே வழிந்து நேராகக் காருக்குள் வந்துவிடும். இதையெல்லாம் அண்ணன் எனக்குச் சொல்லாத நாள் கிடையாது. கேட்காவிட்டாலும் சொல்வார்.

அன்றைக்குத் தாளைப் பிரித்துக் கண்ணாடியைச் சரிசெய்து, தாளைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கும்போது தங்கை, "அண்ணா, சாப்பாடு ஆறுது" என்று குரல் கொடுத்திருக்கிறாள். மேலே ஒட்டினார், பக்கவாட்டில் ஒட்டினார், கீழே ஒட்டியாயிற்று என்று நினைத்தார், கதவின் உள்பலகையை மாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஊரில் உள்ளவன் வண்டிக்கெல்லாம் பேப்பர் விரிக்கிற மனிதர், அப்பா உட்காருகிற வண்டிக்கு விரிக்கவில்லை. "நம்ம வீட்டு வண்டிதானே, என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் வண்டியில் சீட்டு உறை இன்னும் கிழிந்தபடிதான் கிடக்கிறது. தன் வீட்டு வேலை என்றால் நம் எல்லாருக்கும் ஒரு அலட்சியம்.

மழைக்காலம் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவிலிருந்து திரும்பி வந்து இறங்கும்போது, அப்பாவின் கால்சட்டை கணுக்காலில் ஈரமாக இருப்பதைத் தங்கை பார்த்தாள். காலடியில் தரையும் ஈரம். ஒரு வாடையும் வந்தது. பெரியவருக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆபரேஷன் ஆன பெரியவர்கள் சிலருக்கு அடக்க முடியாமல் போவதை அவள் ஆஸ்பத்திரியில் அன்றாடம் பார்க்கிறவள். அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. அப்பாவைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பாவம். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் வேறு உடுப்பு எடுத்துக் கொடுத்தாள். அண்ணனுக்குப் போன் பண்ணி வரச்சொன்னாள்.

அண்ணன் போனார். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். பெரியவர் தயங்கித் தயங்கி, "வண்டிக்குள்ள தண்ணி வருதோ என்னமோ. அந்தக் கதவை ஒரு தடவை பாரேன்பா" என்றிருக்கிறார்.

அண்ணன் எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். வாசலில்தான் வண்டி நின்றது. ஆனால் அவர் உட்கார்ந்த இடத்திலேயே, மிகவும் அன்பாக, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "என் கை பட்ட கதவுல தண்ணி வராதுப்பா. வயசானா இதெல்லாம் சகஜம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

பெரியவர் மகனைப் பார்த்தார். "சரிப்பா" என்றார். அதற்கப்புறம் கதவைப் பற்றிப் பேசவே இல்லை.

அதட்டியிருந்தால்கூட அவர் திருப்பிச் சண்டை போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

டயாப்பர் வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். அடுத்த மழையிலும் தரை ஈரமானது. டயாப்பர் கட்டியும் இப்படியா என்று தங்கை கலங்கிப்போனாள். அவருக்குச் சரியாகக் கட்டத் தெரியவில்லை என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்தார்கள். பெரியவர் பூங்காவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பழைய கண்டக்டர் ஒருவர் போன் பண்ணிக் கேட்டதற்கு, "முட்டி வலி" என்றாராம். அப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். தங்கை டம்ளரை நீட்டினால், "வேணாம்மா, அப்புறம் உனக்குத்தான் வேலை" என்பாராம். உதடு வெடித்தது, தலைசுற்றல் வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடியும் என் மேஜையில்தான் வந்து படுப்பீர்கள் என்று திட்டி அனுப்பினார். அதற்கும் "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த நிலைமையில்தான் தங்கை காரை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். அண்ணன் ஏதோ பூட்டு வாங்க வெளியே போயிருந்தார்.

"அக்கா, பின்சீட்டுக்கு மட்டும் ரெக்சின் உறை தைச்சுக் கொடுங்க. ஈரத்துணியால தொடைச்சா போற மாதிரி" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. "ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போகணுமே. ஏறவே மாட்டேங்கறாரு. சீட்டு பாழாயிடும்ங்கறாரு."

நான் ஆறுதலாக ஏதோ உளறிவிட்டு அளவெடுத்தேன். காரைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். இரவெல்லாம் மழை.

காலையில் பின்சீட்டைக் கழற்றலாம் என்று இடது கதவைத் திறந்து காலை வைத்தேன். சதக்கென்று தண்ணீர். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரில் யாரும் உட்காரவில்லையே! பழைய உறையை உரித்து உள்ளேயிருந்த பஞ்சைத் தடவினேன். காய்ந்து கிடந்தது. கறை இல்லை, வாடை இல்லை. நாற்றமெல்லாம் கீழே, தரைவிரிப்புக்கு அடியில் ஊறிக் கிடந்த கம்பளத்திலிருந்து வந்தது.

"அண்ணே!" என்று கத்தினேன். அவர் வந்தார். "சீட்டு காஞ்சிருக்கு. தரை நனைஞ்சிருக்கு. உங்கப்பா ராத்திரி இங்க வந்துட்டுப் போனாரா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். என் வாய் அப்படி. அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. தரையைத் துடைத்தார். பேப்பரை விரித்தார். அப்பாவின் இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஹோஸ் பைப்பை எடுத்தேன். மழை போதாது என்று உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

தண்ணீரை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். பேப்பர் அவர் செருப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கதவைப் பாருன்னு சொன்னாரு" என்றார். "வாசல்லதான் வண்டி நின்னுச்சு. எழுந்து போகலியே நான்."

உள்பலகையைக் கழற்றினோம். தாளின் கீழ் விளிம்பு ஒரு ஓரத்தில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். உள்ளே செருகிப் பசையை அழுத்திவிட, நான் ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை. வேலை பெரிதாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இத்தனை சின்ன விஷயத்துக்கா அந்த மனிதர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இப்படியே வண்டியைக் கொடுத்துடலாமா? ஈரம் நின்னுடும். அப்பாவுக்குச் சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நெனச்சுப்பாங்க" என்றார்.

நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவமானத்தில் மனிதன் எவ்வளவு குறுகிப்போய்விடுகிறான்! பரிதாபமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"தரை காஞ்சிடும். பெரியவர் தண்ணி குடிப்பாரா?" என்றேன்.

அவர் நனைந்த பேப்பரைக் கிழியாமல் எடுத்து முன்சீட்டில் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டார். "நீயும் வா" என்றார். தனியாகப் போகப் பயம்.

பெரியவர் தன் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெத்தை வைத்த நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். அண்ணன் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேப்பரை நீட்டினார்.

"நீங்க இல்லப்பா. கதவுதான். நான் தாளைச் சரியா செருகல. மழைத் தண்ணி. எல்லாத்துக்கும் நான்தான் காரணம்."

பெரியவர் பேப்பரைத் தடவினார். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். "மழைத் தண்ணிதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மகனைக் கேட்கவில்லை.

"மழைத் தண்ணிதாங்க. நானே காலை வச்சேன்" என்றேன்.

தங்கை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர் அவளிடம், "அழாதம்மா. ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார். கொண்டுவந்தாள். மூச்சு விடாமல் குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்தார். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரியாமலாப்பா இருக்கும்?" என்று தங்கை அழுதுகொண்டே கேட்டாள். "நான் இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்குப்பா ஒத்துக்கிட்டீங்க?"

பெரியவர் சொம்பைக் கீழே வைத்தார். மகனின் தலையில் கையை வைத்தார்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நமக்குத் தெரியாம எப்படிப் போகும்னு யோசிச்சேன். ஆனா கதவு இவன் பார்த்த கதவாச்சே. இவன் வேலையில தப்பு இருக்காது. அப்போ நானாத்தான் இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்."