நலங்குக்கு முந்தின நாள் கெராட்டின்

கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் முடி என் சீப்போடு வந்தது. வேரோடு அல்ல, காதளவில் ஒடிந்து. மலேசியாவில், ஈப்போ சலூனில் எத்தனையோ தலைகளைப் பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் தர்ஷினி, பக்கத்து ஊர் சுங்கை சிப்புட்காரி. அந்த வாரம்தான் முதல்முறை வந்தாள். தலை முழுக்க பிளீச் செய்து கலர் போட்டிருந்தாள். முடி தேங்காய் நார் மாதிரி இருந்தது. "அக்கா, மேடையில நீளமா பின்னிப் பூ வைக்கணும். பளபளன்னு இருக்கணும்" என்றாள்.

எங்கள் முதலாளி வசந்தி முந்திக்கொண்டார். "கெராட்டின் போட்டுக்கலாம்மா. முடியே கெராட்டின்தானே. போனதத் திரும்பக் குடுத்தா பழைய மாதிரி ஆயிடும்லா."

முடி கெராட்டின் என்ற புரதம் என்பது உண்மை. மிச்சம் வியாபாரம். தலைக்கு வெளியே வந்த முடி செத்த பொருள், புண் மாதிரி ஆறாது. சலூனில் போடும் கெராட்டின் மருந்து அதன்மேல் பூச்சாகத்தான் உட்காரும். அதை ஒட்டவைக்க, முடி நேராக்கும் அயன் சூட்டில் இழுக்க வேண்டும். பிளீச்சில் வெந்த முடி அந்தச் சூட்டைத் தாங்காது. பிறகு மூன்று நாளைக்குத் தண்ணீர், எண்ணெய் எதுவும் படக்கூடாது.

"நலங்கு எப்போம்மா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு."

"அப்போ வேணாம்மா. எண்ணெய் வைப்பாங்க, தலைக்கு ஊத்துவாங்க. கல்யாணம் முடிஞ்சு வா. இப்ப நுனி வெட்டி, முடிக்கு மாஸ்க் போட்டு விடுறேன்."

வசந்தி கண்ணாடி வழியாக என்னை முறைத்தார். "போலே லா, செய்யலாம், ஒண்ணும் ஆகாது. எண்ணெயத் தொட்டு வைக்கச் சொன்னா போதும்." தர்ஷினி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "போடுங்கக்கா, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். வசந்தியே அயனைக் கையில் எடுத்தார்.

எந்த அத்தை தொட்டு வைப்பாள்? வரிசையாக வந்து ஆளுக்கொரு கை எண்ணெய் வைத்திருக்கிறார்கள். பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டு அரக்கித் தேய்த்திருக்கிறார்கள்.

"என் பொண்ணு தலைய என்ன செஞ்சு வச்சிருக்க?" கல்யாணக் காலையில் ஒடிந்த முடியைப் பார்த்ததும் தர்ஷினியின் அம்மா என்னிடம்தான் பாய்ந்தார். "நீயும் ரப்பர் தோட்டத்துல பொறந்த தமிழச்சிதானே, நலங்குன்னா என்னன்னு தெரியாதா?"

"இவதாங்க அன்னைக்குப் பாத்தா. நான் கேக்குறேன்" என்றார் வசந்தி, கொஞ்சமும் கூசாமல்.

தர்ஷினி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மிஞ்சிய முடியை வாரிக் கட்டி, இடுப்பு வரை சவுரி வைத்துப் பின்னி, ஒட்டுப் போட்ட இடத்தை மல்லிகைச் சரத்தால் மறைத்தேன். யாரோ ஒருத்தி கோயிலில் மொட்டை போட்டுக் கொடுத்த முடி அது. அந்தத் தலையில் உருப்படியான கெராட்டின் அதில் மட்டும்தான் இருந்தது.

வசந்தி பின்னாலிருந்து படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அது சலூன் கதவில் பெரிதாகத் தொங்கியது: 'கெராட்டின் மணப்பெண் பேக்கேஜ்'.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமரிடம் தனியாகச் சொன்ன எச்சரிக்கை காற்றோடு போய்விடும். வீட்டு ஆள் ஒருவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த முதல் பெண், "இதே மாதிரி வேணும்க்கா" என்றாள். வசந்தி பக்கத்திலேயே நின்றார்.

"போய் அம்மாவக் கூட்டிட்டு வாம்மா" என்றேன். "அது யார் முடின்னு அவங்க முன்னாடி சொல்றேன்."