பாபுவின் கயிறு

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் எண்ணெய்த் தொட்டி கழுவினோம். பாபு உள்ளே இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலிருந்து நான் பிடித்துக்கொள்வேன். இரண்டு முறை இழுத்தால் உடனே தூக்க வேண்டும்.

அன்று காலை இரண்டு முறை இழுத்தான்.

"மேல தூக்கு மாமு! தகடெல்லாம் அதிருது!"

மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டெய்னர் லாரி போய்க்கினு கீது. பேஜார் பண்ணாம வேலைய முடி நைனா" என்றேன்.

சாப்பாட்டுச் சங்கு ஊதும்வரை கயிறு என் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் தூக்கவில்லை.

மறுநாள் டீக்கடைப் பேப்பரில், கருவிகளில் மட்டும் பதிவான மிகச் சிறிய நில அதிர்வு, யாரும் உணரவில்லை என்று போட்டிருந்தார்கள். பாபுவும் அதைப் படித்தான். அன்று கயிற்றை வேறொருவனிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான்.

பூமி நடுங்கியது எனக்குத் தெரியாது, உண்மைதான். பாபு நடுங்கியது தெரியும்.