பனித்தீவில் யாருக்குப் பாடு?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சகலை தேசிங்கு போன் செய்தான். குரலில் ஒரே படபடப்பு.

"அண்ணே, நம்ம கேமுக்கு டி.எல்.சி. வந்துருக்குது. வாங்கலாமா வேணாமானு நீங்க வந்து சொல்லணுமாம். இங்க கூடிப் பேசிட்டாங்க."

ஊர் கூடி... வீடியோ கேமைப் பற்றி... என் கருத்தைக் கேட்கிறது! இத்தனை காலமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். என் வீட்டில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குக் கேம் பைத்தியம் உண்டு — தலை நரைத்த பிறகும். வாள், மந்திரம், டிராகன் என்று ஒரு கற்பனை ராஜ்ஜியத்தில் நாமே வீரனாகி அலைகிற வகை. ஆடி முடித்த பிறகும் கம்பெனி நம்மை விடாது. புதிதாக ஒரு நிலம், நாலு அரக்கர்கள் என்று கட்டித் தனியாக விற்கும். டவுன்லோடு செய்து பழைய கேமோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் டி.எல்.சி. கொடுக்கிற காசுக்குத் தகுமா, தகாதா என்று என்னைப் போன்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

என் மனைவியின் ஊர், தோணிரேவுக்குப் பக்கத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். தேசிங்கு அவள் தங்கை அமுலுவின் கணவன். அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு மாப்பிள்ளையாகக் குப்பத்துக்கே வந்துவிட்டான். வரும்போது ஒரு கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தான்... மாப்பிள்ளை வீட்டுச் சீர்!

அந்தக் கம்ப்யூட்டர் இப்போது ஊருக்குப் பொதுவான வலை பின்னும் கூடத்தில், ஒரு பெரிய டி.வி.யோடு இருக்கிறது. அங்கே நடப்பதைப் பார்த்து அசந்து போனேன்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் 'பாடு' பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியுமா? அதனால் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. முறை இல்லாத நாளில் கண்ணெதிரே மீன் துள்ளினாலும் வலை இறங்காது. முறை இல்லாதவர்கள் கரையில் இருப்பார்கள்.

கரையில் இருக்கிறவர்கள்தான் கேம் ஆடுகிறார்கள். எப்படி? அதிலும் பாடு!

ராஜ்ஜியத்தின் வரைபடத்தையே பிரித்துவிட்டார்கள். பிசாசுக் காடு, உப்புக் கோட்டை, எலும்புத் தோப்பு... பெயரெல்லாம் இவர்களே வைத்தது. வீரன் ஒருவன்தான், எல்லாருக்கும் பொது. சீட்டில் காடு விழுந்தவர் காட்டில் மட்டும்தான் ஆடலாம். கோட்டை வாசலில் தங்கப் பெட்டி பளபளத்தாலும் தொடக்கூடாது. அது இன்னொருவர் பாடு.

நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு டிராகன் துரத்த ஆரம்பித்தது. ஆடிக்கொண்டிருந்தவர் வீரனை ஓட்டு ஓட்டென்று ஓட்டிக் காட்டின் எல்லையிலிருந்த பாலத்துக்கு வந்துவிட்டார். ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். டிராகன் பாலத்தைத் தாண்டாது. பிழைத்துக்கொள்ளலாம்.

அவர் எட்டு வைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் பாடு இல்லையே! நின்றார். எரிந்து செத்தார். சுற்றியிருந்தவர்கள் அதுதான் முறை என்பதாகத் தலையை ஆட்டினார்கள். அடுத்தவர் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ கேம் ஆடியிருக்கிறேன், எத்தனையோ பேர் ஆடப் பார்த்திருக்கிறேன். நிஜமே இல்லாத ஒரு பொம்மை ராஜ்ஜியத்தில்கூட அடுத்தவர் எல்லையை மிதிக்காமல் சாகிறவர்களை... இல்லை, கேள்விப்பட்டதுகூட இல்லை.

சரி, நம் தேசிங்கு எங்கே?

டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தான். கம்ப்யூட்டர் ஃபேனில் தூசி தட்டினான். ஒயரைத் துடைத்தான். கேம் நின்றால் ஓட வைத்தான். ஆடவில்லை. சீட்டில் அவன் பெயரே கிடையாது.

ஏனென்றால், பாடு அப்பா வழியில் வருவது. வெளியூர் மாப்பிள்ளைக்கு ஏரியில் பாடு இல்லை. எனக்கும்தான் இல்லை. ஏரியில் இல்லாதது கேமில் மட்டும் எப்படி வரும்? யாரும் வஞ்சகமாகச் செய்யவில்லை. அவனுக்கும் ஒரு பங்கு வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சொந்தக் கம்ப்யூட்டரில் வேடிக்கை பார்க்கிற ஒரே மனிதன் அவனாகத்தான் இருப்பான்.

தனியாக ஒரு கேம் ஆரம்பித்து வீட்டில் ஆடலாமே என்று மெல்லக் கேட்டேன்.

"ஆடலாம்ணே. ஆனா பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்களே" என்றான்.

போனில் கேட்ட படபடப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டி.எல்.சி.யில் புதிதாக ஒரு நிலம் வருகிறது. பனித்தீவு. அதை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. நான் 'வாங்கலாம்' என்றால் அந்தத் தீவு உண்டு. 'வேண்டாம்' என்றால் இல்லை. தேசிங்கு இனியும் ஒயர் துடைக்க வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், நான் அந்த டி.எல்.சி.யை ஏற்கெனவே ஆடிப் பார்த்துவிட்டேன். சுமார்தான்!

என் மனைவியின் அண்ணன் ஏழுமலை மச்சான்தான் கூடத்தில் சீட்டுக் குலுக்குகிறவர். எல்லாரும் வந்ததும், "சொல்லு மாப்ள" என்றார். தேசிங்கு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பொய் சொல்ல மனசு வரவில்லை. கதை அப்படி ஒன்றும் இல்லை என்றேன். பழைய அரக்கர்களுக்கே வெள்ளை பெயின்ட் அடித்து விட்டிருக்கிறார்கள் என்றேன். குதிரை ஒன்று தருகிறார்கள், அதுவும் நொண்டும் என்றேன். தலைகள் தொங்கின. ரெண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

ஆனால், உண்மை அத்தோடு முடியவில்லையே! அதனால் மீதியையும் சொன்னேன். தீவில் இறங்கியதும் ஒரே பனி. கொஞ்சம் நடந்தால் பனி விலகும். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். நடுவில் ஒரு மலை. சும்மா மலைதானே என்று பார்த்துக்கொண்டே இருந்தால்... மலை மூச்சு விடும். அதை முதல் தடவை பார்த்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"மூச்சு வுடுதா?" என்றார் ஏழுமலை. யோசித்தார். "வாங்கிடலாம்."

அப்பாடா என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே இன்னொருவர், தீவையும் இருக்கிற சீட்டோடு சேர்த்துக் குலுக்கிவிடலாம் என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. தேசிங்கு பெயர் அப்போதும் யார் வாயிலும் வரவில்லை. அவன் துடைத்த ஒயரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டீ கொண்டுவந்த அமுலு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணனிடம் கேட்டாள். கத்தவில்லை.

"ஏரில நம்ம நைனா எறங்கினாரு, அவரோட நைனா எறங்கினாரு, அதால ஒங்களுக்குப் பாடு. சரி. இந்தப் பனித்தீவுல யாரோட நைனா எறங்கினாரு?"

எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. முறையை அவள் உடைக்கவில்லையே! முறையையே எடுத்து நியாயம் கேட்டுவிட்டாள்.

ஏழுமலை தங்கையைப் பார்த்தார். பிறகு தேசிங்கைப் பார்த்தார்.

"அவ சொல்றது நாயம்தான். அங்க நம்ம எல்லாருமே வெளியூருதான். சீட்டுல மாப்ள பேரும் எழுது. மொத எறக்கம் அவரோடது."

டவுன்லோடு என்று ஒன்று இருக்கிறதே... போன் நெட்டில்! மீன் குழம்பு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தும் பாதிதான் வந்திருந்தது. சாயங்காலம் ஒருவழியாகப் பனித்தீவு திறந்தது.

தேசிங்கு கன்ட்ரோலரைப் பிடித்தான். கரையில் இறங்கினான், நாலடி வைத்தான், நேராகத் தண்ணீர்ப் பள்ளத்தில் விழுந்து முழுகிச் செத்தான்.

ஏழுமலை அவன் தோளைத் தட்டினார்.

"பரவால்ல மாப்ள. ஒன் பாடு. நீ எத்தினி தபா வேணா சாவலாம்."

செத்தான். மறுபடி இறங்கினான். மறுபடி செத்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை, எழுந்து போகவில்லை. கடைசியில் பனி விலகியது. தண்ணீர் தெரிந்தது. மலை தெரிந்தது. மெதுவாக, பெருமூச்சாக, அது ஒரு தடவை மூச்சு விட்டது. தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தபடி எழுந்து நின்றார்கள். நானும்தான். தேசிங்கு அழுதுகொண்டே ஆடினான்.

ஏழுமலையால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, சின்னக் குரலில் கேட்டார்.

"மாப்ள, ஒரே ஒரு தபா நான் எறங்கிப் பாக்கட்டா?"

தேசிங்கு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சீட்டு வுழட்டும் மச்சான்."

கூடமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஏழுமலைதான்.

ஆக, டி.எல்.சி.க்கு என் மதிப்பெண்: பத்துக்கு ஐந்து — உடனே வாங்குங்கள்.