பஞ்சு பிடித்த பட்டாளம்

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்க் கோட்டை விழுந்துவிட்டது. பொன்னுசாமிக் கவுண்டர் வீட்டு மேசையின் மேல்.

பயப்படாதீர்கள்... ஈயச் சிப்பாய்கள்தான். கவுண்டர் என் சிநேகிதர். பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் பாக்டரியில் மானேஜர். அவருடையது திப்பு சுல்தான் படை, என்னுடையது கோட்டையைக் காக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. பொம்மைப் பீரங்கியில் காராமணியை வைத்து ஸ்பிரிங்கைத் தட்ட வேண்டும். விழுந்த சிப்பாய் செத்தவன். பெயின்ட் முடியாத சிப்பாய்க்குக் களத்தில் இடமில்லை. சட்டம் இவ்வளவுதான்.

கவுண்டர் இதுவரை ஜெயித்ததே இல்லை.

"தோத்த அன்னைக்கு இவரு சோறு உங்கறதில்லீங்ணா. இந்த வாட்டியும் தோத்தா மேசைய எங்கண்ணன் ஊட்டுக்கே அனுப்பிப்போடுவேன்" என்று அவர் மனைவி செல்லம்மாள் என்னிடம் சொன்னார், கணவர் காதில் விழும்படி. மேசை அவருடைய தாய்வீட்டுச் சீர். யார் எதிர்த்துப் பேச முடியும்?

கவுண்டர் படை முழுவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தார். முதலில் வெள்ளை. அது காய்ந்ததும் அடர்ந்த ஊதா. பிறகு அதே ஊதாவில் கொஞ்சம் வெள்ளை கலந்து, டர்ப்பன்டைன் விட்டு இளக்கி, தோள், முழங்கால் என்று மேடான இடங்களில் மட்டும் ஒரு தீற்று. துணி மடிப்பில் இருட்டு அப்படியே நிற்கும். கடைசியில் புலிக்கோடு. ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைத் தொட மாட்டார். நான்? ஒரே பூச்சு. என் கர்னலுக்கு மூக்கே கிடையாது.

ஐப்பசி மழை. எந்தப் பூச்சும் காய மறுத்தது. பாக்டரி என்ஜின் ரூம் சூட்டில் காயட்டும் என்று தட்டோடு தூக்கிக்கொண்டு போனார். அங்கே காற்றைவிடப் பஞ்சு அதிகம் என்பது மானேஜருக்குத் தெரியாதா? தெரியும். தினமும் மூச்சில் போய்வருவது யார் கண்ணில்தான் படுகிறது?

ஈரப் பூச்சில் பஞ்சு ஒட்டியது. சுரண்டினால் பெயின்ட்டும் வரும். எனவே அதன் மேலேயே அடுத்த பூச்சு — மறுபடி என்ஜின் ரூம் — மறுபடி பஞ்சு.

ஞாயிறன்று சுல்தான் படை ஊட்டிக்குப் புறப்பட்டதுபோல் கம்பளி போர்த்தி நின்றது. துப்பாக்கி ஒவ்வொன்றும் கம்பங்கதிர். பக்கத்துப் பக்கத்துச் சிப்பாய்கள் இடுப்போடு இடுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க கவுண்டரே இது?"

"அடிப்பூச்சு கொஞ்சம் தடிச்சுப்போச்சுங்க."

சுட்டேன். காராமணி பட்டது, உருண்டது. ஒருவனும் அசையவில்லை. அவர் சுட்டார். மூக்கில்லாத என் கர்னல் முதல் குண்டிலேயே சாய்ந்தார். காபி வருவதற்குள் கோட்டை காலி.

"பஞ்சு சட்டத்தில் இல்லை" என்றேன்.

செல்லம்மாள் காபியை வைத்தார். "பெயின்ட் முடிஞ்சிருச்சுங்களா? முடிஞ்சிருச்சு. ஆராச்சும் உழுந்தாங்களா? இல்ல. அப்பறம் என்னங்ணா?"

மேசை தப்பியது. அன்று கவுண்டர் ரசத்துக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தோற்ற எரிச்சலும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் கம்பெனிப் படை இப்போது அதே என்ஜின் ரூமில் காய்ந்துகொண்டிருக்கிறது.