முரசுமோட்டையில் ஒரு லொறி

பழைய லொறிகளைத் திருத்தி ஓட வைப்பதுதான் எனக்கும் செல்வராசா அண்ணைக்கும் பொழுதுபோக்கு. அவர் ஓட வைத்த இரண்டாம் உலகயுத்த காலத்து லொறியைப் பார்க்க வவுனியாவிலிருந்து வந்து நிற்கிறேன். முற்றம் வெறுமையாகக் கிடக்கிறது.

"லொறி எங்கை அண்ணை?"

"நீர் அதுக்கு மேலைதான் நிக்கிறீர்."

என் காலடியில் மண்மூட்டைகள். அவற்றுக்குக் கீழே பங்கர், பதுங்குகுழி; அதன் வாசலில் குனிந்து பார்க்கிறேன். லொறியின் அடிச்சட்டமான இரும்புச் சேசியைக் குழிக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார். அவர் அடித்த பச்சைப் பெயின்ற் இன்னும் மினுங்குகிறது.

"முன்வீட்டுப் பங்கருக்குப் பனங்குற்றிதான் போட்டவை. குண்டு விழ இடிஞ்சு ஆக்களை மூடிப்போட்டுது. அண்டைக்கே இதைக் கழட்டினனான். கறள் பிடிக்காமல் இப்பவும் கிரீஸ் பூசுறன்."

தூரத்தில் ஹெலிகொப்டரின் இரைச்சல். அண்ணை என்னை உள்ளே இழுக்கிறார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஓடிவந்து, ஓடுகிற லொறியில் நிற்பவர்களைப் போல, சேசியை எட்டிப் பிடிக்கிறார்கள். நானும் பிடிக்கிறேன்.